முக்குளிப்பானைச் சுற்றி வடைகள்

ஆயுதபூஜைக்கு ஆலையில் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவனுக்கு அன்றைக்கு அங்கே பொரி, சுண்டல், மரியாதை எல்லாம் கிடைக்கும். வேலை மட்டும் கிடைக்காது. சுற்றுச்சூழல் பிரிவில் ஸ்டெல்லாவின் அறையில் உட்கார்ந்து பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் முத்துச்செல்வி என்ற பெண், சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஸார், இதுல லேபிள் தப்பால்லா ஒட்டியிருக்காவ? 135 மி.மீ.னு போட்டிருக்கு. பின்னால வட்டம் வட்டமா விழுந்திருக்கே, அது மிரர் லென்ஸ்ல எடுத்தாத்தான விழும்? நான் மாத்திப் போட்டிரட்டுமா?"

பார்க்கத் தெரிந்த பெண். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டுகிற அளவுக்கு யாரும் நல்ல படம் என்று சொல்ல மாட்டார்கள். நடுவில் ஒரு முக்குளிப்பான், தண்ணீரில் முங்கி எழுகிற சின்னப் பறவை, நீந்துகிறது. அதன் உருவம் கலங்கி, நனைந்த காகிதத்தில் மை ஊறினதுபோல இருக்கிறது. சுற்றிலும் தண்ணீரில் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மெதுவடை மெதுவடையாக வெள்ளை வளையங்கள். கீழே, "எடுத்தவர்: கஸ்தூரி. லென்ஸ்: 135 மி.மீ." என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறது.

ஸ்டெல்லா சிரித்தாள். "சாராண்டையே கேளு" என்றாள். அதற்குள் பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் இதைச் சொல்ல முடியாது. எழுதித் தருகிறேன் என்று முத்துச்செல்வியிடம் சொல்லிவிட்டு வந்தேன். லேபிள் விஷயத்துக்கு இத்தனை பக்கமா என்று அவள் நினைக்கக் கூடும். நினைக்கட்டும், ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான் ஆகும்.

நான் ஏகாம்பரம், மணிமங்கலத்துக்காரன். ஒரகடம் சாலையில் பிரேக்குக்கான வார்ப்பு உதிரிகள் செய்கிற ஆலையில் சேர்ந்து, அங்கேயே நரைத்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். சேர்ந்தபோது என் வேலை உடைந்த உதிரிகளைப் படம் எடுப்பது. எங்கே விரிசல் விட்டது, எங்கே உள்ளே காற்றுக் குமிழி நின்றது என்று பரிசோதனைக்கூடத்தில் விளக்குக்குக் கீழே வைத்து எடுக்க வேண்டும். அந்த லென்ஸ்களில் எல்லாமே கையால் திருப்புவதுதான். விரிசல் பறந்து போகாது. ஓரம் கத்தி மாதிரித் தெரியும்வரை வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு நிற்கலாம். என் விரல் பழகியது அப்படித்தான். பயிற்சி என்று தனியாக யாரும் கொடுக்கவில்லை. திட்டு மட்டும் வஞ்சனை இல்லாமல் கொடுத்தார்கள்.

பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது கம்பெனி ஒரு புது கேமரா உடல் வாங்கியது. பழைய லென்ஸ்கள் அலமாரியிலேயே கிடந்தன. அவற்றில் ஒன்று 135 மி.மீ.; இந்த எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாக விழும். இன்னொன்று 500 மி.மீ. மிரர் லென்ஸ். உலையிலிருந்து உருகின இரும்பை ஊற்றுவதைக் கிட்டப் போகாமல் எடுக்க யாரோ எப்போதோ வாங்கிப் போட்டது. இடையில் ஒரு வளையம் மாட்டினால் இரண்டும் புது கேமராவில் உட்கார்ந்தன. உட்கார்ந்ததே தவிர, கேமராவுக்கும் அவற்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாட்டியிருப்பது எந்த லென்ஸ் என்று கேமராவுக்குத் தெரியாது. ஆகவே நாம்தான் பட்டனை அழுத்தி 135 என்றோ 500 என்றோ சொல்ல வேண்டும். சொன்னதை அது நம்பும். எடுக்கிற ஒவ்வொரு படத்தின் ஃபைலிலும் அதை அப்படியே எழுதி வைக்கும். லென்ஸை மாற்றிவிட்டு எண்ணை மாற்ற மறந்தால் அதற்கும் ஆட்சேபணை சொல்லாது. மாப்பிள்ளை மாறி உட்கார்ந்தாலும் பத்திரிகையில் இருக்கிற பெயரையே வாசிக்கிற புரோகிதர் மாதிரி.

உதிரிகளை எடுத்துக்கொண்டிருந்த என்னைப் பறவைகள் பக்கம் இழுத்தது கஸ்தூரி மேடம். சுற்றுச்சூழல் பிரிவுக்கு மேலாளராக வந்தார். எங்கள் ஆலைக்குப் பின்னால் ஒரு பழைய குட்டை இருக்கிறது. ஆலையின் தண்ணீர் சுத்திகரித்த பிறகு அதில்தான் போய்ச் சேரும். வருடா வருடம் அந்தக் குட்டையில் என்னென்ன பறவை வருகிறது, எது கூடு கட்டுகிறது என்று படங்களோடு அறிக்கை தர வேண்டும். எங்களிடம் பொருள் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அதை வரிக்கு வரி படிப்பார்கள். தூரத்தை இழுக்கிற புது லென்ஸ் ஒன்று கேட்டுப் பார்த்தோம். கம்பெனியில் சிரித்தார்கள். "அலமாரில ஒண்ணு இருக்குமே?" என்று மேடம் கேட்டார். மிரர் லென்ஸ் வெளியே வந்தது.

அந்த லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பார்க்கக் கட்டையாக, டிபன் டப்பா மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு கண்ணாடி, ஒளி முன்னும் பின்னும் மடங்கிப் போகிறது. முன்பக்கம் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் ஃபோகஸுக்கு வெளியே இருக்கிற ஒளிப்புள்ளி எல்லாம் நடுவில் ஓட்டை விழுந்த வளையமாகப் பதியும். மற்ற லென்ஸில் அது நிறைந்த வட்டமாக, பணியாரம் மாதிரி வரும். இதில் வடை. ஒளித்துளையைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. வெயில் நன்றாக ஏறினால்தான் படம். மேகம் மூடினால் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

ஃபோகஸ் வளையம் நீளமாகச் சுற்றும். புதிதாகத் தொடுகிறவர்கள் தூரத்துப் பறவை என்றால் கடைசி வரை திருப்புவார்கள். இந்த லென்ஸ் வெயிலில் சூடாகி விரியும் என்பதால் கடைசித் தூரத்தைத் தாண்டியும் சுற்ற இடம் விட்டிருப்பார்கள். கடைசி வரை திருப்பினால் நிலாவும் கலங்கும். முக்குளிப்பானோ ஒரு நிமிடம் மேலே இருக்காது. முங்கும், வேறு எங்கேயோ எழும். அதைத் துரத்தி ஃபோகஸ் செய்கிறவன் மாலை வரை துரத்திக்கொண்டே இருக்கலாம். நான் செய்தது வேறு. அது அடிக்கடி எழுகிற இடத்தில் ஒரு நாணல் தண்டைப் பார்த்து வைப்பேன். அதன் மேல் ஃபோகஸ் செய்துவிட்டு வளையத்திலிருந்து கையை எடுத்துவிடுவேன். பறவை அந்தத் தண்டுக்கு நேராக எழுந்தால் படம், எழாவிட்டால் இல்லை. பல நாள் இல்லைதான். வெயிலில் காய்ந்ததற்கு என் மனைவி சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

கஸ்தூரி மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பச்சை மை பேனா ஒன்று வைத்திருப்பார். படத்தை எடுத்துப் போனால் முதலில் மூடியைக் கழற்றி மேசையில் வைப்பார். பிறகு மூன்று கேள்வி. "எங்க நின்னீங்க? எதுல எடுத்தீங்க? யாரு பாத்தா?" எவ்வளவு அருமையான படமாக இருந்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் வராமல் மூடியைத் திரும்பப் போட மாட்டார். கூடு கட்டுகிற காலத்தில் குட்டையைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார். கயிற்றைத் தாண்டினால் வேலைக்கு ஆபத்து. தோட்ட வேலைக்காரரிலிருந்து ஆலைத் தலைவர்வரை அதுதான் சட்டம். ஒரு முறை ஆலைத் தலைவர் விருந்தினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கயிற்றைத் தூக்கப் போனார். "சார்" என்று ஒரே ஒரு சொல் சொன்னார் மேடம். அவர் கயிற்றைக் கீழே விட்டுவிட்டார்.

எடுத்த படங்களை மேடத்தின் கணினியில் இறக்கிவிட்டு, கேமராவின் கார்டை அப்போதே காலி செய்துவிடுவோம். ஒரிஜினல் அவரிடம் மட்டும்தான் இருக்கும். எனக்கு ஒரு பிரதி கொடுப்பார். அறிக்கைக்கு ஏற்றபடி வெட்டிக் கொடுப்பது என் வேலை.

அந்த வேலையோடு இன்னொன்றும் சேர்ந்தது. ஒரு வருடம் தணிக்கைக்கு வந்த வெள்ளைக்காரர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, தண்ணீரில் இவ்வளவு நுரை ஏன் என்று கேட்டார். நுரை இல்லை, லென்ஸில் விழுகிற வளையம் என்று மேடம் விளக்கிப் பார்த்தார். அவர் நம்பினாரா தெரியாது, தண்ணீரை மட்டும் மறுபடியும் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மேடத்துக்கு அது பெரிய அவமானம். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "இனிமே வடையெல்லாம் துடைச்சிடுங்க ஏகாம்பரம். லென்ஸோட குறைக்கு நம்ம தண்ணி பேர் கெட வேணாம்" என்றார்.

அது முதல் துடைத்தேன். ஒவ்வொரு வளையமாகக் கணினியில் மழித்து, தண்ணீரை மழுமழுவென்று ஆக்கிக் கொடுப்பேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், படங்களில் மாற்றம் ஏதும் செய்யப்படவில்லை என்று ஒரு வரி உண்டு. அதற்குக் கீழே மேடம் பச்சையில் கையெழுத்துப் போடுவார். அவர் மனதில் அது பொய்யாகத் தோன்றவில்லை. பறவையைத் தொடவில்லை, தண்ணீரைத் தொடவில்லை, லென்ஸின் அழுக்கைத்தான் துடைத்தோம் என்பது அவர் கணக்கு. எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது.

ஸ்டெல்லா அப்புறம் வந்தாள். மண்ணூர்ப் பெண். ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். நாற்றுப்பண்ணையில் செடிகளைப் படம் எடுத்துப் பதிவு செய்ய வந்தவள், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மிரர் லென்ஸையும் பிடித்துக்கொண்டாள். எனக்கு இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. முக்குளிப்பான் எங்கே எழும் என்று முன்கூட்டியே சொல்லுவாள். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம், "அதுக்கு இன்னிக்கு மூடு சரியில்ல சார்" என்பாள். அந்த வருடம் ஒப்பந்தக்காரர்களில் சிலரை நிரந்தரம் செய்வதாக இருந்தது. மேடம் அவள் பெயரைச் சிபாரிசு செய்திருந்தார்.

தை மாதம். குட்டையில் நாணலுக்கு நடுவே முக்குளிப்பான் ஒன்று மிதக்கிற கூடு கட்டி முட்டை போட்டது. வெளிநாட்டுத் தணிக்கை வர இருந்த சமயம். கூட்டைத் தூரத்திலிருந்து காட்டுவது என்று ஆலைத் தலைவர் ஏற்பாடெல்லாம் செய்துவிட்டார். கயிறு கட்டியாகிவிட்டது. கூடு இருக்கும் நாட்களில் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஆனால் வாலாஜாபாத்தில் என் மச்சினன் வீட்டுக் கல்யாணம், நான் லீவு. வெயில் நன்றாக இருக்கிறதே என்று ஸ்டெல்லா தனியாகப் போய்க் கூட்டில் உட்கார்ந்திருந்த பறவையை எடுத்தாள். நல்ல படம். மறுநாள் நான் வந்து வளையங்களைத் துடைத்து, பறவையைச் சுற்றி வெட்டிக் கொடுத்தேன். மேடம் அதை முன்கூட்டியே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார்.

அந்த வாரமே பறவை கூட்டை விட்டுப் போய்விட்டது. போகும்போது முட்டை மேல் அது மூடிவைத்த பாசி காய்ந்து கிடந்தது. ஏன் போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கீரி என்றார்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்ததில் மட்டம் இறங்கிவிட்டது என்றார்கள். ஆனால் தணிக்கைக்காரர்களுக்குக் காட்ட வைத்திருந்த கூடு காலி. தலைமை அலுவலகத்துக்குக் கோபம். விசாரிக்க ஓர் அதிகாரியை அனுப்பினார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. மரியாதையாகப் பேசினார், கணக்கில் கெட்டி. அறிக்கைப் படத்தின் ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறார். லென்ஸ் 135 என்று இருந்தது. எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துக்கொண்டு ஸ்டெல்லாவிடம் சொன்னார்.

"இந்தப் பறவை எவ்வளவு நீளம்னு புஸ்தகத்துல இருக்கு. வெட்டினதைக் கழிச்சுப் பாத்தாலும், 135-ல இவ்வளவு பெரிசா விழணும்னா, நீங்க கயித்தைத் தாண்டி, தண்ணிக்குள்ள இறங்கி, கூட்டுக்குப் பக்கத்துல நின்னிருக்கணும்மா."

ஸ்டெல்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் எறங்கவே இல்ல சார். கயித்துக்கு இந்தாண்டதான் கேமராவுக்கு முக்காலி போட்டுகினு நின்னேன். காலைல நர்சரில 135 போட்டுப் பூ எடுத்தேன். அப்பால மிரர் லென்ஸை மாட்டினேன். நம்பரை மாத்த மறந்துட்டேன் சார்."

"கேமராவே தப்பா எழுதிடுச்சுங்கிறீங்களா?"

"கேமராவுக்கு இன்னா சார் தெரியும்? நாம சொல்றதைத்தான் அது எழுதும்."

நான் எழுந்து கேமராவை எடுத்தேன். மிரர் லென்ஸை மாட்டி, எண்ணை 135-லேயே விட்டு, ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்து அவரிடம் காட்டினேன். ஃபைலில் 135 என்றே இருந்தது. அவர் தலையை ஆட்டினார். "இப்படி நடக்கலாம்னு ஒத்துக்கறேன். அன்னைக்கு இப்படித்தான் நடந்ததுன்னு எதை வெச்சு நம்புறது? யாராவது பாத்தாங்களா?"

மேடத்தின் மூன்றாவது கேள்வி. யாரும் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டெல்லா எடுத்த ஒரிஜினலில் வடைகள் இருந்தன. பறவைக்குப் பின்னால் வரிசையாக விழுந்திருந்ததை நானே உட்கார்ந்து மழித்திருந்தேன். அவை 135-ல் விழவே விழாது. அது ஒன்று போதும். ஆனால் அதைச் சொன்னால், இத்தனை வருட அறிக்கைகளிலும் குட்டைத் தண்ணீரிலிருந்து வெள்ளையாக எதையோ துடைத்திருக்கிறோம் என்பதும், மாற்றம் செய்யவில்லை என்று மேடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதும் சேர்ந்து வெளியே வரும். நுரையை மறைத்தார்கள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதானால் முதலில் அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

கேன்டீனில் ஸ்டெல்லா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"வேலை போனா கூட இன்னா சார், வேற கம்பெனில லைன்ல பூந்துப்பேன். குருவியைத் தொரத்திட்டா, முட்டையைச் சாவடிச்சுட்டான்னு பேர் வருமே. அதை வெச்சுகினு வூட்டுக்கு எப்படிப் போறது?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தட்டை அப்படியே கொண்டுபோய்க் கழுவுமிடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

நான் நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை. மேடம், தப்பா நினைக்காதீங்க என்று ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்திருந்தேன். கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனால், அவர் கணினித் திரையில் ஸ்டெல்லாவின் ஒரிஜினல் திறந்திருந்தது. திரை முழுக்கப் பறவை, அதன் பின்னால் வடை வடையாக வெயில்.

"உக்காருங்க" என்றார். "அவர் 135-னு சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அப்போலேர்ந்து இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இதைக் காட்டினா பழைய ரிப்போர்ட் எல்லாம் திரும்பி வரும். எதைத் துடைச்சீங்க, எதுக்குத் துடைச்சீங்கன்னு ஒவ்வொண்ணா கேப்பாங்க. தெரியும் இல்ல?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் சொல்ல வந்தீங்களா?"

"ஆமாம் மேடம்."

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். அந்த அறையில் அவர் கையில் பேனா இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆள் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தார்.

"யாராவது இப்படி என்கிட்ட வந்தா நான் மூணு கேள்வி கேப்பேன்" என்றார். "எனக்கு நானே கேக்கவே இல்ல பாருங்க. சரி, பிரிண்ட் போடுங்க. இருக்கிறதிலேயே பெரிய காகிதத்துல."

மேடம் என்று மட்டும் சொன்னேன். "போங்க, இங்க் காயணும்" என்றார்.

ஆலைத் தலைவரும் அதிகாரியும் இருக்கும்போது அந்தப் பிரிண்டை மேசையில் விரித்துவைத்து மேடம் பேசினார். சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இந்த வளையம் மிரர் லென்ஸ்ல மட்டும்தான் விழும். 135-ல விழாது. ரெண்டுலயும் இப்பவே எடுத்துப் பாருங்க. உங்களுக்கு வந்த படத்துல இது இல்ல. ஏன்னா, நான் துடைக்கச் சொன்னேன். ஏகாம்பரம் நான் சொன்னதைச் செஞ்சார். ஸ்டெல்லாவுக்கு இதுல சம்பந்தம் இல்ல. கையெழுத்து என்னுது."

ஆலைத் தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "குட்டைக்குப் போகலாம்" என்றார்.

காலிக் கூடு இன்னும் நாணலில் சிக்கி மிதந்துகொண்டிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு, முதலில் 135-ல் எடுத்தோம். கூடு கடுகாக விழுந்தது. பின்னால் மின்னிய தண்ணீர் நிறைந்த வட்டங்களாக வந்தது. பிறகு மிரர் லென்ஸ். கூடு ஸ்டெல்லாவின் ஒரிஜினலில் இருந்த அதே அளவுக்கு வந்தது, சுற்றிலும் வடைகள். அதிகாரி இரண்டையும் பிரிண்டோடு மாறி மாறி வைத்துப் பார்த்தார். அவருக்கு அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்டெல்லாவிடம் திரும்பி, "நம்பரை மாத்த மறக்காதீங்கம்மா" என்றார்.

"செத்தாலும் மறக்க மாட்டேன் சார்" என்றாள் அவள். அப்புறம்தான் அழுதாள்.

ஸ்டெல்லா மீது தவறில்லை என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். அதே கையால், அறிக்கைப் படங்கள் திருத்தப்பட்டிருக்கின்றன என்றும் எழுதினார். அவர் எழுதாமல் விட்டிருந்தால்தான் தப்பு. பழைய அறிக்கைகள் எல்லாம் திரும்பி வந்தன. ஒவ்வொரு படத்துக்கும் ஒரிஜினலை வைத்து, அந்த மாதத்துத் தண்ணீர்ப் பரிசோதனையையும் வைத்துப் பார்த்தார்கள். பல மாதம் இழுத்தது. நுரை எங்கேயும் இல்லை, எல்லாம் வடைதான் என்று முடிந்தது. அதற்குள் மேடத்திடமிருந்து கையெழுத்துப் போடுகிற அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். வடக்கே வேறொரு ஆலையில் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றல் வந்தது. அவர் யாரிடமும் குறைபட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. நல்ல மனுஷிக்கு இப்படியா என்று ஆலைத் தலைவரிடமே கேட்டுவிட்டேன். எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. ஸ்டெல்லாவுக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்தது. மண்ணூரிலிருந்து அவள் அம்மா எல்லோருக்கும் கேக் செய்து அனுப்பினாள். மேடத்துக்குத் தனியாக ஒரு டப்பா.

மேடம் போகிற அன்று காலையில் எங்கள் இரண்டு பேரையும் குட்டைக்குக் கூப்பிட்டார். இத்தனை வருடம் மிரர் லென்ஸ் படங்களைப் பார்த்தாரே தவிர, அந்த லென்ஸின் வழியாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "ஒரே ஒரு படம் எடுத்துக்கறேன்" என்றார். கேமரா அப்போதுதான் நாற்றுப்பண்ணையிலிருந்து வந்திருந்தது. லென்ஸைக் கழற்றி மாட்ட நான் கை நீட்டினேன். அவர் விடவில்லை. தாமே மாட்டினார், தாமே முக்காலியில் வைத்தார். வெயில் ஏறியிருந்தது. ஒரு முக்குளிப்பான் எழுந்தது. மேடம் வளையத்தைத் திருப்பினார், தாண்டிவிட்டார். திரும்ப வந்தார், மறுபடியும் தாண்டிவிட்டார். அதற்குள் அது முங்கிவிட்டது. கொஞ்சம் தள்ளி எழுந்தது. அவசரத்தில் கடைசி வரை திருப்பிவிட்டு அழுத்தினார்.

ஸ்டெல்லாவுக்குக் குறும்பு. கையைக் கட்டிக்கொண்டு நின்று, "எங்க நின்னீங்க மேடம்? எதுல எடுத்தீங்க? யாரு பாத்தா?" என்று கேட்டாள்.

மேடம் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. "கயித்துக்கு வெளிய நின்னேன். மிரர் லென்ஸ்ல எடுத்தேன். நீங்க ரெண்டு பேரும் பாத்தீங்க" என்றார். கேமராவைக் கொடுத்துவிட்டு, காத்திருந்த காரில் ஏறிப் போனார்.

நாங்கள் அறைக்கு வந்து படத்தை இறக்கினோம். பறவை கலங்கியிருந்தது. வடைகள் மட்டும் நிறைந்திருந்தன. துடைக்கலாமா என்ற பேச்சே எழவில்லை. ஸ்டெல்லா பழக்கத்தில் ஃபைலைத் திறந்து லென்ஸ் என்ன என்று பார்த்தாள். பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, மேசையில் தலையை வைத்து அழுதே விட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். 135 என்று இருந்தது.

முத்துச்செல்வி, உன் சந்தேகம் சரிதானம்மா. லென்ஸ் 500-தான், லேபிள் தப்புதான். ஆனால் ஃபைலில் என்ன இருக்கிறதோ அதைத்தான் ஸ்டெல்லா ஒட்டியிருக்கிறாள். அந்த அறையில் எதையும் யாரும் திருத்தி ஒட்ட மாட்டார்கள். அப்படியே இருக்கட்டும். யாராவது வந்து எதில் எடுத்தது என்று கேட்டால், வடையைப் பார்க்கச் சொல்.